அப்படி ஒரு ஆள் எங்கள் ஊரில் இல்லை

நடுக்கரைப்பட்டி,
எழுமலை வழி,
மதுரை மாவட்டம்.
16.10.1987

அமெரிக்காவில் திராட்சைத் தோட்டத்தில் இருக்கும் மருமகன் முத்திருளனுக்கு,

உன் தாய்மாமன் பேயாண்டி, குலசாமியை நினைத்து ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தை, உன் அம்மா பாண்டியம்மாள், செவலைக் காளை, போன மாதம் கன்று போட்ட பசு எல்லோரும் நல்ல சுகம். மழைக்குத்தான் சுகமில்லை, இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. உன் சுகத்துக்கு எழுதவும் என்று கேட்பதுதான் முறை. ஆனால் எங்களுக்கு முன்னால் உன்னை விசாரித்துக்கொண்டு போலீசே வந்துவிட்டதால் முதலில் அந்தக் கதையை எழுதிவிடுகிறேன். பதறாதே. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முடித்து வைத்தது உன் மாமன்தான்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏட்டு சோணைமுத்து சைக்கிளில் வந்து மொக்கைச்சாமி டீக்கடை வாசலில் காலை ஊன்றினார். கையில் ஒரு தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தேன். "முத்திருளன், தகப்பன் பேரு மொக்கையன். இந்த ஊருல யாருய்யா அது?" என்று கேட்டார். மருமகனே, சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்துச் சொல்லவில்லை. "அப்படி ஒரு ஆளு எங்க ஊருல இல்லையே ஐயா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவன் நான். நீ கடித்த தழும்பு இன்னும் என் தோளில் இருக்கிறது. அப்படிப்பட்ட நான்தான் முதல் ஆளாகச் சொன்னேன். அதைக் கேட்டதும் மொக்கைச்சாமி டீயை ஆற்றிக்கொண்டே, "பேரே புதுசா இருக்கே" என்றான். நீ அவன் கடையில் தின்ற பன்னுக்கு இன்றுவரை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிற அதே மொக்கைச்சாமி! ஆடு பத்திக்கொண்டு போன அன்னக்கொடிக் கிழவியோ, "மொக்கையனா? அவருக்குக் கலியாணமே ஆகலையே" என்று, போய்ச் சேர்ந்துவிட்ட உன் அப்பனையும் சேர்த்து முடித்துவிட்டாள்.

ஏட்டையா விடுகிற ஆளா? நேராக உன் வீட்டுக்கே போய்விட்டார். உன் அம்மா வாசலில் வந்து நின்று, "எனக்குப் பிள்ளையே இல்லையே சாமி" என்றிருக்கிறாள். அவள் தலைக்கு மேலே சுவரில் நீ கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கப்பல் பக்கத்தில் நிற்கிற படம் தொங்குகிறது. "அப்ப அது யாரு?" என்று கேட்டிருக்கிறார். "தெரியலையே சாமி, கண்ணாடிச் சட்டம் வாங்குனப்பவே உள்ள இருந்துச்சு" என்றாளாம். அவர் சைக்கிளில் ஏறி ஊர் எல்லை தாண்டும்வரை கல்லாக நின்றவள், அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு, மகன் அங்கே கொலை செய்துவிட்டான் போலிருக்கிறது என்று ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள்.

ஊரைக் குற்றம் சொல்லாதே. காக்கிச் சட்டை வந்து ஒரு பேரைக் கேட்டால் இல்லை என்று சொல்வது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நம்மையெல்லாம் குற்றப் பரம்பரை என்று எழுதி வைத்திருந்ததால், உன் தாத்தா விருமாண்டி உசிலம்பட்டிச் சந்தைக்குப் போகவே ஸ்டேஷனில் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் ஒருநாள் ஆட்டுக்குட்டி வாங்கப் போய் மூன்று மாதம் உள்ளே இருந்தார். நீ இப்போது எழுதுகிறாயே, காகிதம் இல்லாததால் ரோட்டில் நடக்கவே பயமாக இருக்கிறது என்று, அது நம் வீட்டில் புதிதில்லை மருமகனே. என்ன, உன் தாத்தா பதினைந்து மைலுக்குப் பயந்தார், நீ பத்தாயிரம் மைல் தாண்டிப் போய்ப் பயப்படுகிறாய். குடும்பம் முன்னேறித்தான் இருக்கிறது.

ஏட்டையா வந்து போன நாலாம் நாள் உன் கடிதம் வந்தது. அதை டீக்கடையில் வைத்து உரக்கப் படித்தேன். அமெரிக்காவில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள், அனுமதியில்லாமல் தங்கியவர்களில் தொண்ணூறு நாள் தோட்ட வேலை செய்தவர்களுக்கு மன்னிப்பு உண்டு, அடுத்த வருஷம் கார்த்திகைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், உன் பாஸ்போர்ட் கப்பல் கேப்டனோடு போய்விட்டதால் நம் தூதரகத்தில் புதிதாகக் கேட்டிருக்கிறாய், அவர்கள் ஊர்ப் போலீசை விட்டு இப்படி ஒரு ஆள் உண்டா என்று விசாரிப்பார்கள், "மாமா, போலீஸ் வந்தால் பயப்படாமல் நான் நம் ஊர்க்காரன்தான் என்று சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாய் பார், அந்த வரியைப் படித்ததும் மொக்கைச்சாமி கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்த்தான். அப்புறம்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. தொண்ணூறு நாள் தோட்ட வேலையா? நீயா? தண்ணி பாய்ச்சக் கூப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கிறவன், மண்வெட்டியைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறவன்! அமெரிக்காக்காரன் சாமர்த்தியசாலிதான்.

உடனே கடையில் விவாதம் தொடங்கிவிட்டது. மொக்கைச்சாமி, "சட்டம்னா சட்டம்தான் மாமா. டிக்கெட் எடுக்காம பஸ்ஸுல ஏறுனவனைப் பிடிச்சு, சரி போகட்டும்னு முன் சீட்டுல உட்கார வைப்பாகளா? டிக்கெட் எடுத்தவன் கேனையனா? இவன் கள்ளத்தோணி ஏறுனவன்தானே?" என்று நியாயம் பேசினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கள்ளத்தோணியா? அவன் போனது ஏழு மாடி இரும்புக் கப்பல்டா! முறையா சமையல் வேலைக்குச் சேர்ந்து போனான். சோப்பு வாங்க இறங்கினான், ஏறலை. அம்புட்டுத்தான்" என்றேன். "அங்கேயே பெறந்து வளர்ந்தவனுக்கு அந்த வேலை வேணாமா?" என்றான். "அந்த வெயிலுக்கு அவுக வந்தா இவனை எதுக்குடா வச்சிருக்காக?" என்றேன். அவன் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில், "ஏண்டா, உன் கடையில முன்பாதி யாரு எடம்? ரோட்டுப் புறம்போக்குதானே? பதினோரு வருசமா அனுமதியில்லாமத்தானே நீயும் அடுப்பு எரிக்கிற? போன மாசம் பட்டா கேட்டு எழுதிப் போட்டிருக்கியே, அது என்ன?" என்று கேட்டேன். அவன் பாய்லரைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். "உழைச்சுச் சாப்பிடுறவனை மன்னிக்கிறதுல தப்பில்ல மாமா" என்று சொல்லி எனக்கு ஒரு டீயும் கொடுத்தான்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் இழுத்துக்கொண்டு போகாமல், நானாக நடந்து போனேன். வாசற்படியில் செருப்பைக் கழற்றி விட்டுத்தான் ஏறினேன், எழுதுவதற்கு என்ன வெட்கம். ஏட்டையா தலை நிமிராமலே, "அன்னைக்கு இல்லைன்னீக, இன்னைக்கு இருக்கான்றீக. இடையில பெறந்துட்டானா?" என்று கேட்டார். 'அப்படி ஒரு ஆள் இவ்வூரில் இல்லை' என்று எழுதி வைத்த தாளையும் காட்டினார். கார்பன் பேப்பர் தீர்ந்து போனதால்தான் அது மேலே போகாமல் இருந்தது. குலசாமி கார்பன் பேப்பர் வடிவத்திலும் காப்பாற்றும் என்று அன்று தெரிந்துகொண்டேன். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "சரி, வியாழக்கிழமை வந்து மறுபடி விசாரிக்கிறேன். நீங்க பக்கத்துல நிக்கப்படாது, சொல்லிக் குடுப்பீக" என்றார்.

அவர் வருவதற்குள் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே! அன்றே சாவடியில் ஊரைக் கூட்டி, "முத்திருளனைப் பத்தி எதைக் கேட்டாலும் சரி, 'இல்லை'ங்கிற சொல்லு ஒருத்தர் வாயிலயும் வரப்படாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நானே ஏட்டாக நின்று ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்தேன். "முத்திருளன் உண்டா?" "உண்டு." "நல்லவனா?" "தங்கம்." "அவன் மேல ஏதும் கேசு இருக்கா?" என்று அன்னக்கொடியைக் கேட்டேன். "அதுக்கு என்னய்யா, நெறைய இருக்கு" என்றாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இல்லை என்று சொல்லலாம் என்று சட்டத்தைத் திருத்தி, மூன்று நாள் பழக்கினேன். உன் அம்மாதான் கொஞ்சம் சிரமப்பட்டாள். "எனக்கு ஒரு மகன் இருக்கான்" என்று சொல்லும்போதெல்லாம் பாதியில் நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருஷமாயிற்றே மருமகனே.

வியாழக்கிழமை ஏட்டையா வந்தார். நான் வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பேச்சுக் காதில் விழவில்லை, தலைகள் நன்றாகத் தெரிந்தன. எல்லாத் தலையும் மேலும் கீழும்தான் ஆடியது, ஒரு தலைகூடப் பக்கவாட்டில் ஆடவில்லை. ஏட்டையா நாலு பக்கம் எழுதினார். உன் வீட்டில் மோர் குடித்தார். போகும்போது என்னைத் தேடி வந்து, "அருமையான பையன்யா. ஊரே சொல்லுது" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். போலீஸ் என் முதுகில் தட்டியதில் வலிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

ஆகவே மருமகனே, இனி நீ எதற்கும் பயப்படாதே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரோட்டில் நட. காகிதம் கைக்கு வந்ததும் முறையாக டிக்கெட் எடுத்து, முறையாகக் கப்பலோ விமானமோ ஏறி, ஒரு நடை வந்து உன் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ. வருகிற தீபாவளியோடு நீ இல்லாத தீபாவளி ஏழாகிறது. இந்த நீல ஏர்மெயில் கடிதத்தில் 'உள்ளே எதையும் வைக்கக் கூடாது' என்று அச்சடித்திருக்கிறான். எனக்கு எழுத இடம் போதவில்லை. அதனால் இரண்டு தாளை மடித்து உள்ளே நுழைத்திருக்கிறேன். உன்னைப் போலவே அவையும் அனுமதியில்லாமல்தான் அமெரிக்காவுக்குள் வருகின்றன, பிடிபடாமல் வந்து சேர்ந்தால் பதில் போடு. உன் அத்தையும் ஊராரும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். போலீசும் விசாரித்ததைத்தான் மேலே எழுதிவிட்டேன். குலசாமி துணை இருக்கட்டும், உன் கையில் காப்புக் காய்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
பேயாண்டி.

பின்குறிப்பு: பசை தடவப் போகும் நேரத்தில் ஏட்டையா வந்தார். புதுக் கார்பனில் எடுத்த நகலை உன் அம்மா வீட்டு வாசலில் நின்று வாசித்துக் காட்டினார். அப்படியே எழுதுகிறேன்: 'மேற்படி முத்திருளன் பிறந்தது முதல் இவ்வூரிலேயே குடியிருந்து வருகிறார். விசாரித்த நாளன்று காலையிலும் டீ குடித்ததாக மொக்கைச்சாமியும், விறகு பிளந்து கொடுத்ததாக அன்னக்கொடியும் சாட்சி. அமெரிக்காவில் இவர் பெயரைச் சொல்லித் திரிபவன் யாரோ ஆள்மாறாட்டக்காரன். உடனே பிடித்து விசாரிக்கவும்.' "ஊருல இருக்கானான்னு கேட்டேன், இருக்கான்னாக. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாகய்யா" என்கிறார். தாள் நேற்றே மேலே போய்விட்டது. இல்லை என்று சொல்லக் கூடாது என்று நான் போட்ட சட்டத்துக்கு ஊர் இவ்வளவு கட்டுப்படும் என்று எனக்குத் தெரியாதே!

நாளைக்கே மதுரைக்குப் போய் மாற்றி எழுத வைக்கிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டேன். உன் அம்மா விடவில்லை. அந்த நகலைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "கவருமெண்டே எழுதிருச்சுல்ல, எம்மகன் வீட்டுலதான் இருக்கான்னு. இப்பவே போய் மாத்திறாதண்ணே. தீபாவளி வரைக்குமாச்சும் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, மத்தியானம் கோழி அடித்துக் குழம்பு வைத்து இரண்டு இலை போட்டாள். உன் இலைச் சோற்றை நான்தான் சாப்பிட்டேன், பாதிதான் இறங்கியது.

ஆகையால் தீபாவளி முடிந்துதான் மதுரைக்குப் போகிறேன். கார்த்திகைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, பொறுத்துக்கொள். அதுவரைக்கும் நீ நம் ஊரில்தான் இருக்கிறாய். அங்கே யாராவது வந்து முத்திருளன் யார் என்று கேட்டால், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று சொல்லிவிடு.