மெக்கானிக்கின் பத்தாவது நிமிஷம்

இனிமேல் வாழ்க்கையில் யாருக்கும் பயப்படுவதில்லை என்று நம் லிஃப்ட் மெக்கானிக் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் முடிவெடுத்தார். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள், கையெல்லாம் கிரீஸோடு எடுத்த முடிவு அது. அதற்குக் காரணம் கூட வேலை பார்க்கும் ஸ்பேனர். ஸ்பேனர் ஓர் ஆள்தான். அந்தச் சாமானைத் தொலைத்துத் தொலைத்தே அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்.

அனுப்பிய மெசேஜை அனுப்பிய பிறகும் திருத்தலாம் என்று ஸ்பேனர் சொன்னார். மெசேஜ் மேல் விரலை வைத்து அழுத்தினால் போதும். பதினைந்து நிமிஷம் வரை என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அடியில் பொடி எழுத்தில் 'திருத்தப்பட்டது' என்று விழும். அதை எறும்புகூடப் படிக்காது.

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் இருக்கிறது. மனுஷருக்கு நாக்கு சாது, விரல்தான் போக்கிரி. மேனேஜர் எதிரில் நின்றால் "சரிங்க ஐயா" தவிர வேறு வார்த்தை வராது. போனைக் கையில் எடுத்துவிட்டால் பிடிக்க முடியாது. போன வருஷம் ஒரு கட்டடத்தின் செயலாளரைப் பற்றி, 'இந்தக் கிழவன் என் உயிரை வாங்குறான்' என்று ஸ்பேனருக்கு எழுதினார். அது நேராகக் கிழவரிடமே போய்ச் சேர்ந்தது. அப்புறம் மூன்று வாரம், லிஃப்ட் கதவை எப்படித் துடைப்பது என்று அந்தப் பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

பதினைந்து நிமிஷம் கிடைத்தால் மற்றவர்கள் பதினைந்தையும் எடுத்துக்கொள்வார்கள். மெக்கானிக் தொழில் தெரிந்தவர். பதினைந்து பேரைத் தூக்கும் லிஃப்டில் பத்துப் பேர் என்றுதான் எழுதி ஒட்டுவார். மிச்சம் ஐந்து, பாதுகாப்புக்கு. அதே கணக்கில் சட்டம் போட்டுக்கொண்டார்: மனசில் இருப்பதை முழுசாக எழுதி அனுப்புவது. பத்து நிமிஷம் அந்தச் சந்தோஷத்தை அனுபவிப்பது. சரியாகப் பத்தாவது நிமிஷம் திருத்திவிடுவது.

முதல் சோதனை வீட்டில்தான் நடந்தது. மெக்கானிக்கின் மனைவி வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவர். முன்னறை முழுக்கத் துணி. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருப்பார், வருகிறவர்களுக்கு டிசைன் காட்டுவதற்கு. வாய் அதிகம் பேசாத அம்மாள். கத்தரிக்கோல் ஓடுகிற சத்தத்தை வைத்தே அவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். அந்த அம்மாள் கேட்டு இவர் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகலாமா என்று மனைவி மெசேஜில் கேட்டார். 'தாராளமா போகலாம்' என்று இவர் அனுப்பினார். பத்தாவது நிமிஷம் அது 'தாராளமா போகலாம், அடுத்த மாசம்' என்று ஆனது. சனிக்கிழமை மனைவி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது போனை நீட்டினார். அம்மாள் படித்தார். இவர் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். தனியாகப் போய்விட்டு வந்தார்.

அடுத்து அலமாரிக் கதவு. 'இன்னைக்கே சரி பண்ணிடறேன்' என்பது 'இன்னைக்கே சரி பண்ணணும்னு நினைச்சேன்' என்று மாறியது. கத்தரிக்கோல் கொஞ்சம் வேகமாக ஓடியது. அந்த வாரம் மெக்கானிக் தூங்கிய தூக்கம் ராஜாக்கள் தூங்காத தூக்கம்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை மனைவியிடமிருந்து கொஞ்சம் நீளமாகவே மெசேஜ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வீட்டில் திரை மாட்ட வேண்டும். பதினொரு ஜன்னல். எல்லாம் உசரத்தில் இருக்கிறது. ஏணியில் ஏற ஆள் வேண்டும். வாங்க. மெக்கானிக் 'கண்டிப்பா வர்றேன்' என்று அனுப்பினார். பத்தாவது நிமிஷம் 'கண்டிப்பா'வை எடுத்துவிட்டு 'முடிஞ்சா' போட்டார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு எண்ணெய் விடப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேனேஜரிடமிருந்து மெசேஜ் வந்தது. ஞாயிறு டியூட்டி நீங்கள்தான் என்று.

மெக்கானிக் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் நின்றிருந்தார். படித்ததும் சுர்ரென்று ஏறியது. இது மூன்றாவது ஞாயிறு. ஞாயிறு என்பது டாக்டரம்மா வீட்டுக்கும் இல்லை, டியூட்டிக்கும் இல்லை. தூங்குவதற்கு. விரல் தானாக ஓடியது:

'ஐயா, மூணு ஞாயிறா நான்தான் வர்றேன். உங்க மச்சான் வீட்டுல காலாட்டிட்டு இருக்கார். ஏறி இறங்க நான், நாற்காலியில சுத்த நீங்க. தயவுசெய்து இந்த ஞாயிறு வேற ஆளைப் பாருங்க. நாளையிலிருந்தே வேற ஆளைப் பாருங்க. எனக்கு உங்க வேலையே வேண்டாம்.'

அனுப்பினார். ஆஹா, என்ன சுகம். வேலையை விடுகிற எண்ணமெல்லாம் கிடையாது. இந்த வருஷம் ஓர் ஆளைக் குறைக்கப் போகிறோம் என்று கம்பெனியில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில், ஒரு முட்டி மடங்காத நிலையில், வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? அதெல்லாம் தெரியும். பத்து நிமிஷ சந்தோஷத்துக்குத்தான் எழுதியது. மேனேஜர் வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி வரை மீட்டிங்கில் இருப்பார், போனைத் தொடவே மாட்டார். இந்தப் பத்து நிமிஷத்தில் லிஃப்டை ஒரு தடவை மேலே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று உள்ளே ஏறிப் பொத்தானை அழுத்தினார்.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

மெக்கானிக் சிரித்தார். இதைப்போல் எத்தனை பார்த்திருப்பார். எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். கதவை நெம்பினார். நகரவில்லை. அப்புறம் போனை எடுத்தார். சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. அப்போதுதான் சிரிப்பு நின்றது. ஆறு நிமிஷம் ஆகியிருந்தது.

அபாய மணியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கீழே இருந்து வாட்ச்மேன் குரல் வந்தது.

"யாருங்க உள்ள? பயப்படாதீங்க. மெக்கானிக்குக்கு போன் போட்டிருக்கேன். வந்துடுவார்."

"யோவ், நான்தான்யா மெக்கானிக்."

"அதான் எடுக்க மாட்டேங்கறீங்களா?"

மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய் மெயினை ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னார். சரி என்று வாட்ச்மேன் கிளம்பினார். பன்னிரண்டு மாடி. லிஃப்ட் ஓடவில்லை என்பதால் படியில்தான் ஏற வேண்டும். அந்த மனுஷர் ஒவ்வொரு மாடிக்கும் நின்று, எத்தனாவது மாடி என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு ஏறினார். நாலாவது மாடி என்று கேட்டபோது மெக்கானிக்கின் பத்தாவது நிமிஷம் வந்தது. ஏழாவது மாடியில் பதினைந்தும் போய்விட்டது. லிஃப்டுக்குள் இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷ வேலையை இரண்டு கட்டைவிரலால் காலி பண்ணிய முகம். பிள்ளைகள் இரண்டும் இன்னும் படிப்பை முடிக்கவில்லை. மனைவி விடிந்தால் மெஷினில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை எழுந்திருப்பதில்லை. அந்த அம்மாளிடம் போய் எந்த வாயால் சொல்வது என்று நினைத்ததும், முட்டி மடங்காத மனுஷர் லிஃப்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து லிஃப்ட் அசைந்து கீழே வந்தது. கதவு திறந்தது. சிக்னல் வந்தது. மேனேஜரிடமிருந்து பதிலும் வந்தது. ஒற்றைக் கண்ணால் திறந்து பார்த்தார்.

'நீங்க சொன்னப்புறம்தான் கவனிச்சேன். மூணு வாரமா ஒரே ஆளைப் போட்டது என் தப்பு. ஞாயிறு வேற ஆளைப் போட்டுட்டேன். இவ்வளவு தன்மையா சொன்னதுக்கு நன்றி.'

மெக்கானிக் மேலே தள்ளித் தன் மெசேஜைப் பார்த்தார். 'ஐயா, மூணு ஞாயிறா நான்தான் வர்றேன். தயவுசெய்து இந்த ஞாயிறு வேற ஆளைப் பாருங்க.' அவ்வளவுதான். அடியில் பொடி எழுத்தில், எறும்பு படிக்காத அந்த வார்த்தை. வாட்ச்மேனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மெயினை அணைத்துப் போட்டதற்கு இவ்வளவு மரியாதையா என்று வாட்ச்மேன் வெட்கப்பட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினில் இருந்தார்.

"இன்னைக்கு ஒரு அதிசயம் நடந்துச்சு. மேனேஜருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். அது தானாவே திருந்திடுச்சு."

"மெசேஜாவது திருந்துச்சே" என்றார் அம்மாள், திரும்பாமல்.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக்கின் பையில் 'டிங்' என்று சத்தம் கேட்டது. அதே நொடி மெஷின் பக்கத்திலிருந்த டேப்லெட்டிலும் 'டிங்' என்றது. இரண்டிலும் ஒரே மெசேஜ், ஸ்பேனரிடமிருந்து: 'அண்ணே, ஞாயிறு டியூட்டி எப்படி என் தலையில விழுந்துச்சு?'

மெக்கானிக் போனைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார்.

"இதுல எப்படி என் மெசேஜ் வருது?"

"நீங்கதான் மாட்டிக் குடுத்தீங்க. போன் லிஃப்ட் குழியில விழுந்து உடைஞ்சுச்சே, போன மாசம். ரிப்பேர் ஆகிற வரைக்கும் இதுல பார்த்துக்கறேன்னு சொன்னீங்க. போன் வந்துச்சு. இதை மறந்துட்டீங்க."

அப்புறம்தான் அம்மாள் முழுக்கதையும் சொன்னார். காலையில் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது அந்த மெசேஜ் கண்ணெதிரே விழுந்திருக்கிறது. எப்படியும் பத்தாவது நிமிஷம் திருத்துவார் என்று கத்தரிக்கோலைப் பிடித்தபடியே காத்திருந்திருக்கிறார். பதினொரு நிமிஷம் ஆனது. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பன்னிரண்டு நிமிஷம் ஆனது. மேனேஜர் இன்னும் பார்க்கவில்லை. பதின்மூன்றாவது நிமிஷம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு டேப்லெட்டைக் கையில் எடுத்திருக்கிறார்.

"நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கலை" என்றார் அம்மாள். "நல்ல துணிதான். தேவையில்லாததை வெட்டினேன், அவ்வளவுதான். பாதி மெசேஜை வெட்டறதுக்குள்ள பதினாலு ஆயிடுச்சு."

மெக்கானிக் அப்படியே துணிக்குவியல் மேல் உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் அவர் சொல்லாத வார்த்தை அன்றைக்கு வாய் விட்டு வந்தது. "நீ இல்லைன்னா இன்னைக்கு நான் நடுத்தெருவுல நின்னிருப்பேன். ரொம்ப நன்றிம்மா." அது நடிப்பு இல்லை. அந்த அம்மாளும் மெஷினை நிறுத்திவிட்டு அவர் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். தன் மெசேஜையெல்லாம் இத்தனை நாள் வேறொருவர் பார்த்திருக்கிறாரே என்ற கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. தனக்கு வாய்த்த புண்ணியம் என்றுதான் பட்டது.

"சரி, ஞாயிறு ஃப்ரீ ஆயிட்டீங்க" என்றார் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காலையில எட்டு மணிக்கு டாக்டரம்மா வீடு."

நன்றி வேறு, ஞாயிற்றுக்கிழமை வேறு. மெக்கானிக் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் முடிஞ்சா வர்றேன்னுதானே எழுதியிருந்தேன்?"

"எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மெசேஜ் 'கண்டிப்பா வர்றேன்' என்று இருந்தது. 'முடிஞ்சா' போன இடம் தெரியவில்லை. அடியில் 'திருத்தப்பட்டது'. தான் திருத்தியதற்கும் அதேதான் விழுந்திருக்கும், அம்மாள் திருத்தியதற்கும் அதேதான். போக்கிரி விரல் இரண்டும் மடங்கிக்கொண்டன.

"நீங்க பத்தாவது நிமிஷம் திருத்துவீங்க" என்றார் அம்மாள். "மிச்சம் அஞ்சு நிமிஷம் யாருக்குன்னு நினைச்சீங்க?"

மெக்கானிக்குக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டார். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த அதே ஐந்து நிமிஷம்தானே இதுவும் என்று நினைத்தபோது உள்ளபடியே மனசு நிறைந்துவிட்டது. பதினொரு ஜன்னல் என்ன, நூற்றிப் பத்து ஜன்னல்கூட மாட்டலாம். நாளைக்கே ஏணியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிடலாம் என்று எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"ஏணி எங்கம்மா?"

"நேத்தே டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேங்க."