அப்பாவின் பெயரை நான் பிரிண்ட் எடுத்த கதை

சோம்பலைத் திறமை என்று நம்பும் வயது எல்லோருக்கும் வரும். எனக்கு வந்தபோது என் பொறுப்பில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் இரண்டு கணினிகள் இருந்தன. அதுதான் வினை.

சேரம்பாடிப் பக்கம் அந்த எஸ்டேட் ஆபீஸில் நான் கம்ப்யூட்டர் கிளார்க். அப்பாவுக்கு அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. சிலோனிலிருந்து வந்த குடும்பம்; லயத்தில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், ஒரு வீடு; செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரைதான் அதுவும். தேயிலை விலை விழுந்துகிடந்த காலம் அது. தூளை வாங்க ஆளில்லாமல் பக்கத்து ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தன. எங்களுடையது வாரத்தில் மூன்று நாள் ஓடியது.

அந்த வருஷ மழையில் இடி விழுந்து ஆபீஸ் கணினி கருகியது. துரையின் கடிதங்களெல்லாம் போயின. (மேனேஜரைத் துரை என்றுதான் சொல்வோம். இவர் கோயமுத்தூர்க்காரர், யாரையும் அதட்டத் தெரியாதவர்.) "ஏனுங்க செல்வராசு, இனிமே ஒண்ணு போனா இன்னொண்ணுல இருக்கிற மாதிரி பண்ணிருங்க" என்றார்.

பண்ணினேன். கிட் என்ற மென்பொருள், கோப்பில் எது மாறினாலும் பழையதையும் புதியதையும் பதிந்து வைக்கும். பதிந்தவுடன் நாம் சொல்லிவைத்த வேலையைத் தானே செய்யும் ஏற்பாட்டுக்கு ஹூக் என்று பெயர். துரை கோப்பைச் சேமித்தால் ஹூக் அதன் நகலை ஃபேக்டரி கணினிக்கு அனுப்பிவிடும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் யாருக்கு எந்த வேலை என்ற பட்டியல் தினமும் ஃபேக்டரி பலகையில் ஒட்டப்பட வேண்டும். மாறிய வரிகளை அங்கே ஹூக்கே பிரிண்ட் எடுக்கட்டும் என்று அதையும் எழுதினேன். அந்தப் பட்டியல் இருந்த ஃபோல்டரை மட்டும் காட்டியிருக்க வேண்டும். நிரலில் ஒரு வரி மிச்சம் என்று துரையின் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துவிட்டேன். (மிச்சம் பிடித்த அந்த வரியை வைத்து என்ன சாதித்தேன் என்று ஞாபகமில்லை.)

ஒருநாள் சாயங்காலம், கொழுந்து நிறுக்கும் நேரத்தில், என் சாதனையைப் பார்த்து ரசிக்க ஃபேக்டரிக்குப் போனேன். பலகை முன்னால் கூட்டம். ஃபேக்டரியில் கணக்கெழுதும் ரைட்டர், ஆபீஸ் காகிதம் எது வந்தாலும் படிக்காமல் ஒட்டுகிறவர். இரண்டு தாள்களை ஒட்டியிருந்தார். முதல் தாளின் தலைப்பு, 'வேலையிலிருந்து நிறுத்த வேண்டியவர்கள்'. ஒரு வீட்டில் இரண்டு பேர் வேலை பார்த்தால் ஒருவர் போக வேண்டும். பன்னிரண்டு பெயர்கள், ஏழாவது நான்.

இரண்டாவது தாளில் இரண்டே வரி. கழித்தல் குறி போட்டு என் பெயர். கூட்டல் குறி போட்டு அப்பாவின் பெயர். என்னை எடுத்துவிட்டு அவரைச் சேர்த்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பார்வதியக்கா கூடையை இறக்காமலே கேட்டார்: "தம்பி, ஒங்க மிசின் எம் பேரையும் வெட்டிருச்சா?"

அவர் ஐந்தாவது.

ஆபீஸுக்கு ஓடினேன். துரை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நாளைக்கு ஒவ்வொருத்தரையா உக்கார வெச்சுச் சொல்லலாம்னு இருந்தனுங்க" என்றார். பிறகு, "பேக்கப் நல்லா வேலை செய்யுதுங்க" என்றார்.

"எங்கப்பா பேரு எப்படிங்க சார்?"

"வீட்டுக்கு ஒருத்தரை நிறுத்தப்போறாங்கன்னு லயத்துல பேச்சு அடிபட்டுச்சுங்களாம். மத்தியானம் வந்தாரு. பையன் பேரு இருந்தா எடுத்துட்டு எம் பேரைப் போடுங்கன்னாரு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னும் சொன்னாருங்க."

வீட்டில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"மாடி ஏறுனா மூச்சு வாங்குதுடா. செக்ரோல்ல ஒரு பேர் இருந்தாத்தான் வீடு நிக்கும். ஒம் பேரே இருக்கட்டும்."

பொய். இரண்டிரண்டு படியாக ஏறுகிற மனுஷன் அவர். எனக்கு அழுகை வந்தது. ஹூக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி வெளியே போய்விட்டேன்.

உறவுக்காரர்கள் வந்தால் இன்றைக்கும் அப்பா இதைத்தான் முதலில் எடுப்பார். "வேலை போன சேதிய அவனவன் தபால்ல அனுப்புவான். எம் மகன் மிசின் வெச்சு பலகையிலயே ஒட்டிட்டான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், என் மனைவி கொஞ்சம் கூடுதலாக. அவர் கதையில் ஒரே ஒரு தாள்தான், அதில் அவர் பெயர்தான். என் பெயர் இருந்த முதல் தாளைப் பற்றி இதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.