கம்பளிக்குள் ஒரு திசைகாட்டி

செஞ்சிக் கோட்டையில் எத்தனை படிகள் இருக்கின்றனவோ அத்தனை 'காட்டுபவர்'களை நான் பார்த்திருக்கிறேன். சரி, அது கொஞ்சம் பெருக்கிச் சொன்னது. நேர்மையாக எண்ணினால் ஒன்பது பேர். அதிலும் ஒருவரை இரண்டு முறை எண்ணியிருக்கிறேன். ஆனால் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் எங்கள் ஊர் அரிகிருஷ்ணனை மட்டும் உட்கார வைத்தால், தட்டு அவர் பக்கம்தான் இறங்கும்.

காட்டுபவர் என்றால் யார் என்று கேட்கிறீர்களா? உங்களுக்குத் தெரிந்தவர்தான். நீங்கள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருப்பீர்கள், அல்லது ஒரு விலாசம் விசாரிக்க, அல்லது வெயில் தாங்காமல் ஒரு வாய் தண்ணீருக்கு. அவர் உட்காரச் சொல்வார், ஊர் நிலவரம் பேசுவார், காபி வரும், குடித்து முடித்து எழுந்து, வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மறு செருப்பைக் காலால் துழாவும் அந்த நேரம் பார்த்து, "ஒரு நிமிஷம் இருங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்பார். அந்த ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரம். மாட்டிய செருப்பைக் கழற்ற வேண்டியதுதான்.

இந்த இனத்தில் பட்டாளத்துப் பொருள் காட்டுபவர் ஒரு தனி ரகம். அவர் ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்திருக்க மாட்டார். அரிகிருஷ்ணன் முப்பத்திரண்டு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கை பிடித்த ஒரே ஆயுதம் ரப்பர் ஸ்டாம்பு. ஆனால் புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிடித்துவந்த பித்தளைத் திசைகாட்டி ஒன்று அவரிடம் இருந்தது. உள்ளங்கை அகலம், மேலே மூடி, எழுத்திலும் முள்ளிலும் ரேடியம் பூச்சு. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது பதவி உயர்வு பெற்றபடியே இருந்தது. முதல் வருஷம், பர்மா சண்டையில் செத்த ஒரு ஹவில்தாருடையது. இரண்டு வருஷம் கழித்து ஒரு சுபேதாருடையது. 1986இல், சோவியத் யூனியனில் அணு உலை வெடித்த செய்தி பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயத்தில், அது ஒரு மேஜரின் சட்டைப்பையில் இருந்து அவர் உயிரைக் காப்பாற்றியிருந்தது. துப்பாக்கிக் குண்டு அதில் பட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். பட்ட இடத்தில் ஒரு நசுங்கல்கூட இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. காபி குடித்த வீட்டில் அதெல்லாம் கேட்க முடியுமா?

ரேடியம் என்றால் இருட்டில் மினுங்க வேண்டும். விருந்தாளிகளோ பகலில் வருகிறார்கள். இதற்கு அரிகிருஷ்ணன் கண்டுபிடித்த வழி, ஒரு கறுப்புக் கம்பளி. சித்திரை மாதமோ, உச்சி வெயிலோ, வந்தவர் தாசில்தார் ஆபீஸ் ஆளோ, அவர் தலையில் கம்பளியைப் போர்த்தி, தானும் உள்ளே புகுந்து, மூக்கும் மூக்கும் இடிக்கும் தூரத்தில் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா?" என்பார். "தெரியுது, தெரியுது" என்று உள்ளிருந்து குரல் வரும். தெரிகிறது என்றால்தானே வெளியே விடுவார்?

உண்மையில் ஒன்றும் தெரியாது. மினுக்கம் எப்போதோ போய்விட்டது. அது அரிகிருஷ்ணனுக்கும் தெரியும். வேர்வை கண்ணில் இறங்கும்போது ஏதோ பளிச்சிடுவதை வைத்து அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும், சம்மந்தியம்மாள் வராமல் இருந்திருந்தால். மருமகளின் தாயார் விருத்தாம்பாள், ஏழு மாதப் பேத்தியைப் பார்க்க அனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். கிளம்பும்போது வழக்கம்போல 'ஒரு நிமிஷம்'. சம்மந்தியம்மாளோடு ஒரே கம்பளிக்குள் நுழைவது முறையில்லை என்பதால் அரிகிருஷ்ணன் வெளியே நின்றுகொண்டார். அவர் மனைவி ரத்தினம்மாள் துணைக்கு உள்ளே போனார்.

"தெரியுதா சம்மந்தியம்மா?"

கம்பளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது.

"ஒண்ணும் தெரியலியே சம்மந்தி. எங்க வூட்டு டைம்பீஸாவது லேசா மினுங்கும்."

"நீங்களாவது சொன்னீங்களே" என்றது ரத்தினம்மாளின் குரல். "நான் ஆறு வருஷமா இதுக்குள்ள வந்து வந்து வேர்த்துட்டுப் போறேன்."

ஆயுத பூஜைக்கு மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு விருத்தாம்பாள் போனார். அரிகிருஷ்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மேஜர், பர்மா, குண்டு எல்லாம் ஒரு டைம்பீஸிடம் தோற்றுப்போவதா?

ஆயுத பூஜை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டிலுள்ள இரும்பும் பித்தளையும் முதல் நாளே குளித்தாக வேண்டும். அரிவாள்மணை, சைக்கிள், தையல் மெஷின் என்று ஒன்று விடாமல் துடைத்து, பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையில் நிறுத்துவார்கள். திசைகாட்டியும் ஆயுதம்தானே? வெளிப்புறத்தை மட்டும் தேய்த்தால் போதுமா, முகம் கழுவ வேண்டாமா? கண்ணாடியைக் கழற்றி, எழுத்தின்மேல் படிந்த பழுப்பைப் புளியால் ஒரு தேய் தேய்த்தால், அடியில் ஒளிந்திருக்கும் மினுக்கம் வெளியே வந்துவிடும் என்று அரிகிருஷ்ணன் முடிவு செய்தார். பஸ் ஸ்டாண்டு அருகே கடிகாரம் ரிப்பேர் செய்யும் சாந்த் பாஷாவிடம் எடுத்துப் போனார்.

"பாய், இந்தக் கண்ணாடிய மட்டும் கழட்டிக் குடு."

சாந்த் பாஷா கண்ணில் லென்ஸை இடுக்கி ஒரு பார்வை பார்த்தார். பொருளைத் தள்ளி வைத்தார்.

"ரேடியம் சார் இது. தொறக்க மாட்டேன்."

"செத்த ரேடியம் பாய். மினுங்கவே இல்ல."

"பல்புதான் பீஸ் போயிருக்குது, கரண்டு அப்படியே இருக்குது. நம்ம கோட்டை கட்டி எவ்ளோ வருஷம் ஆச்சோ, அதுமாதிரி ரெண்டு பங்கு போனாத்தான் பாதியாவது கொறையும். தொறந்தா பூச்சு பொடியா உதிரும், மூக்குல போவும், வாயில போவும். வெளிநாட்டுல இதப் பூசுற வேல பாத்த பொண்ணுங்க பிரஷ்ஷ உதட்டுல வெச்சு வெச்சுக் கூராக்கி, கடைசீல தாடை எலும்பே போச்சுன்னு எனக்கு வேல கத்துக்குடுத்த உஸ்தாது சொல்வாரு. மூடினது மூடினபடியே இருக்கட்டும்."

"சரி சரி" என்றார் அரிகிருஷ்ணன்.

ஒரு காட்டுபவர் 'சரி' என்று இரண்டு தரம் சொன்னால் ஒரு தரம்கூட ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சாந்த் பாஷா இந்த இனத்தை அறிந்தவர். பக்கத்துப் பழக்கடையில் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

அவர் அரிகிருஷ்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் ரத்தினம்மாள் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புளிக் கிண்ணத்துக்கு இந்தப் பக்கம் அரிகிருஷ்ணன், கண்ணாடியைச் சுற்றியிருந்த வளையத்தின் அடியில் பேனாக்கத்தி முனையை நுழைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு நெம்ப ஆயத்தமாக இருந்தார். பளபளக்கும் பொருளைக் கண்ட பேத்தி, தாத்தாவின் முழங்காலை நோக்கித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, மொதல்ல பாப்பாவத் தூக்குங்க" என்றார் சாந்த் பாஷா. "சார், கத்திய எடுத்துடுங்க. மெதுவா."

ரத்தினம்மாள் குழந்தையைத் தூக்கிய பிறகுதான் "இன்னா பாய்?" என்று கேட்டார்.

"அந்தப் பொடி இந்தத் தரையில உதிர்ந்தா, இந்தக் கொழந்த கையி நேரா எங்க போவும்?"

ஏழு மாதக் குழந்தையின் கை எங்கே போகும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்போதே அது வாயில்தான் இருந்தது. அரிகிருஷ்ணன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கத்தியைப் பார்த்தார். வளையம் அசைந்திருக்கவில்லை. கத்தியை மெதுவாக உருவி, மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தூக்கிக் குப்பையில எறிங்க" என்றார் ரத்தினம்மாள்.

"அதுவும் கூடாதுக்கா. எவனாவது எடுத்துப் பிரிச்சிப் பாப்பான். வெச்சிக்கலாம், வெக்கிறபடி வெச்சா போதும். இத்தினி நாளா எங்க வெச்சிருந்தீங்க சார்?"

"தலகாணிக்கு அடியில."

ரத்தினம்மாள் அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

சாந்த் பாஷா சொன்னபடி எல்லாம் நடந்தது. திசைகாட்டி ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் போயிற்று. பை, வாசல் அறையில் ஜன்னலுக்கு எதிரே இருந்த கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. குழந்தை தூங்குவது பின்கட்டில். ரேடியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷக்காற்றும் கசியுமாம், அதனால் அலமாரியைத் திறந்தால் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். கையில் எடுத்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வெற்றிலை போட்டுக்கொண்டே தொடக் கூடாது. கண்ணாடி உடைந்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுத்துத் துணியோடு சேர்த்துப் பையில் கட்ட வேண்டும். சாவி ரத்தினம்மாளிடம்.

அரிகிருஷ்ணன் ஒடுங்கிப்போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி நீங்கள் இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. தொட்டுப் பார்க்கலாம் என்கிற பொருளை விடத் தொடவே கூடாது என்கிற பொருளுக்கு மவுசு அதிகம் என்பதை அவர் ஒரே ராத்திரியில் கண்டுகொண்டார். அலமாரிக்கு மூன்றடி தள்ளித் தரையில் சாக்பீஸ் கோடு வந்தது. 'ரேடியம். திறக்கவோ தொடவோ கூடாது' என்று பத்திர எழுத்தில் ஓர் அட்டை வந்தது. முக்கால் மணி நேரம் ஒன்றரை மணி நேரமாயிற்று.

சிரிப்பது இருக்கட்டும். உங்கள் வீட்டு பீரோவில் மாமனாரின் பழைய ரேடியம் வாட்ச் ஏதாவது கிடக்கிறதா? வந்தவர் எழுந்ததும் உங்கள் கை தானாக அந்தப் பக்கம் போகிறதா? "இதுக்கு ஒரு கதை இருக்குது" என்று தொண்டையில் ஏதோ முட்டுகிறதா? போகட்டும். மூடியபடியே காட்டுங்கள். உங்களைத் திருத்துவது என் வேலையில்லை.

பூஜையன்று விருத்தாம்பாள் வந்தார். அரிகிருஷ்ணன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சம்மந்தியம்மாளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கண்ணாடி மட்டும் தொறந்துச்சுன்னா சம்மந்தியம்மா, செஞ்சி இருக்காது, சிங்கவரம் இருக்காது, உங்க அனந்தபுரம் வரைக்கும் புல்லு மொளைக்காது. நான் சொல்லல, பாய் சொன்னாரு. இதோ இருக்காரு, கேளுங்க."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த சாந்த் பாஷா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் அப்படிச் சொல்லலம்மா. செஞ்சிக்கு ஒண்ணும் ஆவாது, சிங்கவரத்துக்கும் ஒண்ணும் ஆவாது. தொறந்தவருக்கு ஆவும். அவரு இடுப்புல இருக்கிறதுக்கு ஆவும்."