வனஜாக்கா நடந்தாள், நான் மெலியவில்லை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தாறு வயதில், மூன்று மாதம் விடாமல் தினமும் பதினெட்டாயிரம் அடி நடந்ததாக என் டாக்டரை நம்பவைத்தவள் நான். அதில் ஒரு அடிகூட என்னுடையது இல்லை.

அப்போது நான்கு மாதமாக எனக்குப் பீரியட்ஸ் வரவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் பிசிஓஎஸ் என்றார். (தெருவில் நீர்க்கட்டி என்பார்களே, அதுதான்.) "பயப்பட ஒண்ணுமில்ல. மூணு மாசம் சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு பண்ணுங்க. அப்புறம் மாத்திரையைப் பத்தி யோசிக்கலாம்" என்றார். மைதாவும் சர்க்கரையும் பொரித்ததும் குறைய வேண்டும், பயறும் கீரையும் கூட வேண்டும், தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். அம்மா வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மறுநாளே அடிகளை எண்ணும் வாட்ச் ஒன்றை வாங்கி வந்து என் கையில் கட்டிவிட்டாள்.

சாப்பாட்டை உடனே ஒழுங்கு பண்ணிவிட்டேன். வீட்டில் சாமைக் கஞ்சி, முருங்கைக்கீரை. (ராயபுரத்தில் ஆபீஸ் விட்டதும் தள்ளுவண்டியில் ஒரு பிளேட் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், மேலே முட்டை. அது வெளியே சாப்பிட்டது, சேராது.)

நடைதான் படுத்தியது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பெண் வேகமாக நடந்தால், அவசரமாக எங்கோ போகிறாள் என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து நிறுத்துவார்கள். இரண்டு நாள் மறுத்தேன். மூன்றாம் நாள் அவர்கள் மனம் நோகக் கூடாதென்று ஏறிவிட்டேன். ஆட்டோ குலுங்கிய குலுங்கலில் வாட்ச் நாற்பது அடி ஏறியது. என் புத்தி கெட்டது அங்கேதான்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் வனஜாக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். காசிமேட்டில் மீன் எடுத்து, தலையில் சும்மாடு வைத்துக் கூடையைத் தூக்கினால், விம்கோ நகர் வரை தெருத்தெருவாக நடப்பாள். ஒருநாள் காலை ஆபீஸ் போகும் வழியில் தெருமுனையில் அவளைப் பிடித்தேன்.

"அக்கா, இத்த கையில கட்டிக்கினு போ. சாயந்தரம் வாங்கிக்கறேன்."

"இன்னாமே இது?"

"புது வாட்ச்சு. சரியா ஓடுதான்னு பாக்கணும்."

"மூணு மாசம் பாப்பியா?" என்று அவள் கேட்கவில்லை. நல்லவள். தினமும் காலையில் கட்டிக்கொண்டாள், சாயந்தரம் மார்க்கெட் ஓரம் மீதி மீனோடு உட்கார்ந்திருக்கும்போது கழற்றித் தந்தாள். வாட்ச்சில் லேசாக வஞ்சிர வாசனை. என் போனில் பதினெட்டாயிரம், பத்தொன்பதாயிரம். அம்மா அந்த எண்ணை எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் சொல்லிவிட்டு வந்துதான் விளக்கேற்றுவாள்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் போனைப் பார்த்து அசந்துபோனார். பிறகு என்னை எடை மெஷினில் ஏற்றினார். மூன்று கிலோ கூடியிருந்தது. பீரியட்ஸும் வந்தபாடில்லை.

"பகல் பதினோரு மணிக்கு மூவாயிரம் அடி நடந்திருக்கீங்க. அப்போ ஆபீஸ்ல இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஆபீஸ் ரொம்பப் பெருசு டாக்டர்" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இவ்வளவு நடந்தும் எடை ஏறுதுன்னா வேற ஏதாவது இருக்கான்னு பார்க்கணும்" என்று வரிசையாக டெஸ்ட் எழுதினார்.

லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அம்மா கண்ணை மூடி முணுமுணுத்தாள். "வடிவுடை தாயே, எம்பொண்ணுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. என் முடிய உனக்குக் குடுத்துர்றேன்." இடுப்பு வரை தொங்கும் முடி அது. நுனியைக்கூட வெட்ட விடமாட்டாள். என் அத்தோவுக்கு அம்மா மொட்டை போடுவதா? அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முட்டை உட்பட.

அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் மறுபடி நுழைந்தாள். "இப்ப சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லு" என்றாள். உள்ளே ஒரு நர்ஸும் அடுத்த நோயாளியும் அவர் மாமியாரும் இருந்தார்கள். நான்கு பேர் முன்னால் சொன்னேன்.

டாக்டர் டெஸ்ட் சீட்டை வாங்கி, பாதியை அடித்தார். "வனஜா ரொம்ப நல்லா இருக்காங்க. உங்களை எப்போ கூட்டிட்டு வரப்போறீங்க?" என்றார்.

செய்தி என்னைவிட வேகமாக நடந்து வனஜாக்காவை அடைந்திருந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு வாசலில் நின்றாள்.

"என் காலு இன்னா வாடகை சைக்கிளாமே? செருப்ப மாட்டு."

அன்று மூன்றாவது தெருவிலேயே யார் வீட்டுப் படியிலோ உட்கார்ந்துவிட்டேன். "இன்னா வனஜா, கூட ஆள் வச்சிகினியா?" என்று தெருவே கேட்டது. "ஆமா, வேலைக்கு ஆவாத ஆளு" என்றாள். ஆனால் மறுநாளும் வந்தாள். மழையிலும் வந்தாள். மீனைப் பொரிக்காமல் குழம்பு வைக்கும்படி அம்மாவிடம் சொன்னதும் அவள்தான். சாயந்தரம் மார்க்கெட்டில் என் வாயை மோந்து பார்த்து அத்தோ தின்றேனா என்று கண்டுபிடித்ததும் அவள்தான்.

அவளோடு நடக்கத் தொடங்கிய ஐந்தாம் மாதம் ஒருநாள் காலை பீரியட்ஸ் வந்தது. எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு நடந்தது. தெருமுனைக்கு ஓடி அவளிடம் சொன்னேன். வனஜாக்கா கூடையை இறக்க எப்போதும் யாராவது ஒரு கை கொடுக்க வேண்டும். அன்று தானே இறக்கி வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். என்மேல் ஒட்டிய மீன் வாசனையில் நாள் முழுக்க ஆபீஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்கு அது பெரிதாகவே படவில்லை.

அவளுக்கு நான் பட்ட கடனைச் சொல்லி முடியாது. வாட்ச்சை அவளுக்கே கொடுத்துவிட்டேன். ஆனால் அது இன்னும் என் போனோடுதான் இணைந்திருக்கிறது. சாயந்தரம் மார்க்கெட்டில் நான் அவளைப் பார்த்துவிட்டு வந்ததும், அம்மா போனை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணைப் படிப்பாள்.

"பதினாறாயிரம். வனஜா நல்லாத்தான் கீறா. நீ எப்படிடி கீற?"