இட்லியோடு ஏறியவன், ரயில்வேக்காரனாக இறங்கினான்

மதுரையிலிருந்து அத்தை வருகிறார் என்று தகவல் வந்தால், முதல் வேலையாக வீட்டு வாசலில் இருக்கும் என் பீங்கான் கம்பெனி போர்டின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிடுவோம். என் பெயரை என் சொந்தக் காசில் எழுதி மாட்டிய போர்டு அது. யாராவது கேட்டால் பெயிண்ட் அடிக்கிறோம் என்போம். (விருத்தாசலத்தில் இத்தனை தடவை பெயிண்ட் அடிக்கிற போர்டு வேறு கிடையாது.) ஏனென்றால், அத்தையைப் பொறுத்தவரை நான் முதலாளி இல்லை. ரயிலில் வேலை பார்ப்பவன். அந்த வேலையில் நான் எப்படிச் சேர்ந்தேன் என்பதை யாரிடமாவது சொல்லாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது. அப்போது ‘தெரியாது’ என்ற வார்த்தை என் வாயில் வரவே வராது. மீட்டர் பெட்டியில் இருக்குமே வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ், அதைச் செய்து விற்கிற சின்ன கம்பெனி என்னுடையது. என் தங்கை வளர்மதி நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு வந்த நல்ல வரன்களில் பாதி என் வாயால்தான் போனது. ஒரு மாப்பிள்ளையிடம், அவர் வேலை பார்க்கும் கம்பெனி ஏன் சீக்கிரம் திவாலாகும் என்று காபி ஆறும்வரை விளக்கினேன். இன்னொரு இடத்தில், ஆசை ஆசையாகக் கட்டிய புது வீட்டின் தரையைத் தட்டிப் பார்த்து, டைல்ஸ் இரண்டாம் தரம் என்று சொல்லிவிட்டேன். (உண்மையிலேயே இரண்டாம் தரம்தாங்க. ஆனால் அதையா அங்கே சொல்வது?)

அதற்குப் பிறகு வந்தவர் சென்னை பாலமுருகன். வந்தார், பார்த்தார், கேசரியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வளர்மதிக்கு அவரைப் பிடித்துவிட்டது. வாயால் சொல்லவில்லை, ஆனால் போன் அடித்தால் மொட்டை மாடிக்கு ஓடினாள். எங்களுக்கு அது போதாதா? ஆனால் மாப்பிள்ளையின் அப்பா கோதண்டபாணி மட்டும், ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று போனவர், ஒரு மாதமாக வாயைத் திறக்கவில்லை. அவர் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் மெதுவாகத்தான் செய்வார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தோம். அப்போது தரகர் வந்து ஒரு குண்டைப் போட்டார். அவர்கள் குடும்பத்தோடு மதுரைக்குப் போகிறார்களாம். அங்கே வேறு ஒரு பெண் இருப்பதாகக் கேள்வியாம். அதுவும் புது தனியார் ரயிலில் போகிறார்களாம்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவரை சென்னையிலிருந்து திருச்சி வரைதான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஸ்டேஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும். திடீரென்று அதை மதுரை வரை நீட்டி, எங்கள் ஊரிலும் இரண்டு நிமிஷம் நிற்கும் என்று அறிவித்தார்கள். ஊரே குழம்பிப்போனது. ரயில் தனியார் என்றால் தண்டவாளம் யாருடையது? பிளாட்பாரம் டிக்கெட் செல்லுமா? கேட்டைச் சாத்துவது யார், கவர்ன்மென்டா, கம்பெனியா? டீக்கடையில் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன ஒரே ஆள் நான்தான். அத்தனையும் நானாகவே யோசித்துச் சொன்ன பதில்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்கள் நம் ஊர் ஸ்டேஷனைத் தாண்டி ரயிலில் போகிறார்கள் என்றால் வெறும் வயிற்றோடு போகவிடக் கூடாது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுபோய் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, ரயில் நகரும்வரை கூடவே நடந்து பேசிவிட்டு வர வேண்டும். செய்யாமல் விட்டால் பேரன் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள். நான் கணக்குப் போட்டேன். இவர்கள் வயிற்றில் எங்கள் வீட்டு இட்லி இறங்கிவிட்டால், மதுரைப் பெண் வீட்டுக் காபி எப்படி இறங்கும்?

திட்டத்தைக் கேட்ட வளர்மதி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “அண்ணா, இது ஒண்ணையாவது கெடுக்காம இரு.” அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவை வாயே திறப்பதில்லை, கை மட்டும்தான் வேலை செய்யும் என்று முடிவெடுத்தேன். கடைசியில் என்னைக் கவிழ்த்தது அந்தக் கைதான்.

என் மனைவி கலா வாழையிலையில் கட்டி, பேப்பர் சுற்றிக் கொடுப்போம் என்றாள். தனியார் ரயிலுக்கு வாழையிலையா? பொம்மை கம்பெனிக்கார நண்பனிடம் வெள்ளை அட்டைப் பெட்டிகள் வாங்கிவந்தேன். ஒவ்வொன்றிலும் பொடி தடவிய இட்லி, வடை, கேசரி. மாப்பிள்ளை வீட்டார் மூன்றே பேர். நான் போட்டது நாற்பது பெட்டி. பக்கத்து சீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க, நம் ஆட்கள் மட்டும் சாப்பிட முடியுமா? அத்தனையையும் என் ஃப்யூஸ் அட்டைப்பெட்டிகளில் அடுக்கினேன். எல்லாவற்றின் மேலும் ‘உடையும் பொருள், கவனம்’ என்று அச்சடித்திருந்தது. போதாததற்கு, என் கல்யாண வரவேற்புக்குத் தைத்த மெரூன் நிறக் கையில்லாத கோட்டையும் மாட்டிக்கொண்டேன். கலா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பேண்டு வாசிக்கப் போற ஆளாட்டம் இருக்குது” என்றாள். நான் கண்டுகொள்ளவில்லை.

காலை பத்து மணி வாக்கில் ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக ஒரே கறுப்புக் கண்ணாடி. ஜன்னல் என்று ஒன்று திறந்தால்தானே கொடுக்க? உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. வளர்மதி ஒரு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அதில் அவள் முகமே தெரிந்தது. அதற்குள் ஒரு கதவு தானாகத் திறந்து, காதில் ஏதோ மாட்டிய ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவளும் மெரூன் கோட்டு, அவள் பின்னால் நின்ற இரண்டு பையன்களும் மெரூன் கோட்டு. என்னையும் என் பெட்டிகளையும் பார்த்தவள், “டிஃபன்தானே? சீக்கிரம் ஏத்துங்க” என்றாள். பையன்கள் குதித்து வந்து பெட்டிகளை அள்ளினார்கள்.

நான் உருகிப்போனேன். தனியார் என்றால் தனியார்தான், சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டை சீட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்களே! கடைசிப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு உள்ளே வைத்தேன். பின்னால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கலா வாயைத் திறந்தபடி பின்னால் போய்க்கொண்டிருந்தாள். வளர்மதி தலையில் கை வைத்திருந்தாள்.

நடந்தது இதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த ரயிலுக்குக் காலை டிஃபனை எங்கள் ஊரில் ஏற்ற ஒரு காண்ட்ராக்டருக்கு விட்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் நாள். அவருடைய வண்டி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. இந்த ரயில் வருவதற்காகச் சாத்திய கேட்டுதான்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கதவில் எட்டிப் பார்த்த பெண்தான் சூப்பர்வைசராம். அவள் என் தலையில் வலைத்தொப்பி ஒன்றை மாட்டினாள், கையில் பிளாஸ்டிக் உறை கொடுத்தாள். “மேடம், நான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் குடுக்க வந்தேன்” என்றேன். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

“கரெக்ட்ணா. ஒவ்வொரு பாசஞ்சரும் நமக்கு மாப்பிள்ளை வீடுதான். அப்படி நினைச்சுத்தான் சர்வ் பண்ணணும்.”

பெண்ணாடம் தாண்டிக்கொண்டிருந்தது. கறுப்புக் கோட்டு டி.டி.ஆர். யாராவது கிடைத்தால் காலில் விழுந்துவிடலாம் என்று தேடினேன். இருந்ததெல்லாம் மெரூன்தான். ஒரு பையனிடம், இந்த ரயிலுக்கு யார்ப்பா பெரிய ஆள் என்று கேட்டேன். ஓட்டுகிறவர் கவர்ன்மென்டாம், டிக்கெட் கம்பெனியாம், பெருக்குவது வேறு கம்பெனியாம், சாப்பாடு இன்னொரு கம்பெனியாம். “அப்ப நான் எந்தக் கம்பெனி?” என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “சம்பளம் எதுல வருதோ அதாண்ணே” என்றான். ஊருக்கெல்லாம் தனியார் ரயில் பாடம் நடத்திய எனக்கு அன்றைக்குத்தான் தலை சுற்றியது.

இதற்கிடையில் முன்வரிசைகளில் பசி முற்றி, சூப்பர்வைசர் பெண்ணை நாலு பேர் சத்தம் போட ஆரம்பித்தார்கள். வேறு வழி? தள்ளுவண்டியைத் தள்ளினேன். நான் விடிய எழுந்து அடுக்கிய பெட்டிகளை முன்பின் தெரியாதவர்களுக்கு என் கையாலேயே கொடுத்தேன். ஒருவர், சட்னி இல்லையா என்று முகத்தைச் சுளித்தார். (ஐயா, உமக்கு நான் என்ன மாமனா மச்சானா?) அடுத்த வரிசையில் பெட்டியை நீட்டிவிட்டு நிமிர்ந்தால், எதிரே கோதண்டபாணி. பக்கத்தில் அவர் மனைவி. ஜன்னலோரம் பாலமுருகன்.

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். என் தொப்பியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். நான் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், “சாப்பிடுங்க மாமா” என்றேன்.

“தம்பி, நீங்க ரயில்வேலயா இருக்கீங்க?” அவர் முகம் அப்படியே மலர்ந்தது. “மொதல்லயே சொல்லக் கூடாதா? பீங்கான் கம்பெனின்னு சொன்னீங்களேன்னுதான் ஒரு மாசமா யோசிச்சிட்டு இருந்தேன்.”

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஆனால் எனக்குத்தான் விளக்கம் சொல்கிற வியாதி உண்டே. “ரயில்வே இல்லீங்க மாமா, இது தனியார்” என்றேன். மலர்ந்த முகம் வாடிவிட்டது.

“பென்ஷன்?”

“இல்லீங்க.”

“குடும்பத்துக்கு பாஸ்?”

“அதுவும் இல்லீங்க.”

கேட்ட கேள்விக்கெல்லாம் சத்தியமான பதில் சொன்னேன். நான் அங்கே வேலையே பார்க்கவில்லை என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அது நினைவுக்கு வந்து வாயைத் திறந்தபோது, சூப்பர்வைசர் பெண், “அண்ணா, கதை பேசாதீங்க, பின்னாடி ரெண்டு வரிசை பாக்கி” என்று அதட்டிவிட்டுப் போனாள். அப்புறம் யார் நம்புவார்கள்? இருந்தாலும் இட்லி, பெட்டி, கதவு என்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். பாலமுருகன் ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருடைய அம்மா மட்டும் இரண்டாவது இட்லியை முடித்துவிட்டு, பொடி யார் அரைத்தது என்று கேட்டார். வளர்மதி என்றேன். (கலாதான் அரைத்தாள். மன்னிக்க வேண்டும்.)

கடைசியில் அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன். “மதுரையில பொண்ணு பாக்கத்தான் போறீங்களா மாமா?”

“பொண்ணா? எந்தப் பொண்ணு?” என்றார் அவர். “எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கப் போறோம். உங்க தங்கச்சியையே முடிச்சுரலாம்னுதான்.”

தரகரை நினைத்து எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏற்கெனவே பழுத்திருந்த பழத்தை நானே தடியால் அடித்திருக்கிறேன். அக்கா என்ன சொல்வாரோ என்று கேட்டேன். கோதண்டபாணி பெருமூச்சு விட்டார். அக்காவின் வீட்டுக்காரர் துணிக்கடை வைத்து, எல்லாவற்றையும் தொலைத்தவராம். அன்றிலிருந்து வியாபாரம் செய்கிற வீட்டில் சம்பந்தமே கூடாது என்பது அக்காவின் சட்டமாம். அதனால்தான் அந்த ஒரு மாத யோசனை.

திருச்சியில் இறங்கினேன். வளர்மதியின் முகத்தில் எப்படி விழிப்பது? ஆசைப்பட்ட இடம் அவளுக்கு. எல்லாம் என்னால் போகப்போகிறது. சென்னை பஸ் பிடித்து வேப்பூரில் இறங்கி டீ வாங்கினால், கடைக்காரர் மிகவும் மரியாதையாக, டாக்டருங்களா என்று கேட்டார். தலையில் தொப்பி அப்படியே இருந்தது.

வீட்டில் யாரும் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கேட் திறந்தபிறகு வந்துசேர்ந்த காண்ட்ராக்டர், ரயிலே போய்விட்டதே என்று தன் சாண்ட்விச்களைக் கலா கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். நடுவில் வெள்ளரிக்காய் மட்டும் இருந்தது, வாயில் வைக்க முடியவில்லை என்றாள். வளர்மதி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து கோதண்டபாணி போன் செய்தார். அக்கா சம்மதித்துவிட்டார் என்றார். எப்படிங்க மாமா என்றேன்.

“பொண்ணோட அண்ணன் என்ன பண்றான்னு கேட்டாங்க. ரயிலுலதான் இருக்கார், நானே கண்ணால பாத்தேன்னு சொன்னேன். பொய் இல்லையே? இனிமே அதைக் காப்பாத்த வேண்டியது உங்க பொறுப்பு.”

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. பந்தியில் மாப்பிள்ளை தன் சட்டைப் பையிலிருந்து ஒரு வலைத்தொப்பியை எடுத்து எல்லார் முன்னாலும் என் தலையில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் இட்லி வாளி என் கையில்தான். மாமாவின் அந்த மதுரை அக்காதான் இப்போது எனக்கு அத்தை. அவருக்குக் கீழ் பெர்த் கிடைக்காவிட்டால் எனக்குத்தான் போன் வரும். ரயில் தாமதம் என்றாலும் எனக்குத்தான் திட்டு விழும். நானும், மேலிடத்தில் பேசுகிறேன் அத்தை என்பேன்.

போன மாதம் அத்தை வந்திருந்தார், கூடவே சென்னையிலிருந்து வளர்மதியும். போர்டைப் போர்வையால் மூடிவிட்டு வணக்கம் சொன்னேன். தனியார் ரயில்களை இன்னும் பல ஊர்களுக்கு விடப்போகிறார்கள் என்று டி.வி.யில் பார்த்தாராம், எனக்கு வேலை ஜாஸ்தியாகிவிடுமே என்று கவலைப்பட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“தனியார்ல பென்ஷன் இல்லையாமே, என்கிட்ட யாரும் சொல்லவே இல்ல. எனக்கு வியாபாரம்னாலே ஆகாது. ஆனா நீ பொறுப்பான ஆளு. உங்க ஊர்ல பீங்கான் தொழில் நல்லா ஓடுதாமே. சின்னதா ஒரு கம்பெனி ஆரம்பியேன். பணம் வேணும்னா நான் தர்றேன்.”

வளர்மதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே காற்றில் போர்வை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே அத்தை” என்றேன்.