ரெட்டியார்சத்திரத்தில் மாப்பிள்ளை விசாரித்த கதை

போன வியாழக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. ரெட்டியார்சத்திரம் போய், என் தங்கை மகள் கவிதாவுக்குப் பார்த்திருக்கும் பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வரவேண்டும்.

"மூணே கேள்விதாண்ணே," என்றாள் தங்கை செல்வி. "குடிப்பானா, வேலை நிலையா இருக்கா, அம்மாக்காரி எப்படி. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நாம பதில் சொல்லலைன்னா வேற இடம் பாக்கப் போறாகளாம். மறந்துறாதீக."

மறப்பதா? முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவன் நான்.

இங்கே ஒரு தவறான கருத்தைத் திருத்திவிடுகிறேன். வயதானால் மறதி வரும் என்கிறார்கள். எனக்கு அறுபத்து நான்கு. எதுவும் மறப்பதில்லை. வேண்டாததை வாசலிலேயே நிறுத்தும் காவலாளி மட்டும் என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள், தன் அத்தை இரண்டு மருமகள்களை விரட்டியடித்த வரலாற்றைப் போனில் சொல்லிக்கொண்டு வந்தார். பின் சீட்டுக்காரருக்கு இடது முழங்காலில் வலி. மாடி ஏறும்போது குத்துகிறதாம், இறங்கும்போது இல்லையாம். கேட்கக்கூடாது என்றுதான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். கண்ணுக்கு இமை வைத்தவன் காதுக்கும் ஒன்று வைத்திருக்கலாம்.

பையன் வீட்டுத் தெருமுனையில் டீக்கடை. இந்த மாதிரி விசாரணைகளுக்குப் பழகியவர் போலும், கடைக்காரர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, பையனைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னார்.

அதே பத்து நிமிடம் பின் பெஞ்சில் இரண்டு விவசாயிகள்.

"அறநூறு அடி போர் போட்டும் புழுதிதாம்ப்பா வருது."

"நீரோட்டம் பாத்தியா இல்லையா?"

"பாத்தேனே. உள்ளங்கையில வச்ச தேங்கா எந்திரிச்சு நின்னுச்சுப்பா!"

படுத்திருந்த தேங்காய் எழுந்து நிற்பதென்றால், படித்தவன் எப்படிக் கவனிக்காமல் இருப்பது?

"அம்புட்டுதான் சார், ஒண்ணும் மறைக்கலை," என்றார் கடைக்காரர். நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீடு திரும்பும்போது மணி ஐந்தரை.

"பையன் எப்படிண்ணே?" என்றாள் செல்வி.

"நல்ல பையன். இடது முழங்கால்லதான் கொஞ்சம் வலி."

"இருபத்தெட்டு வயசுலயா?"

"அம்மாதான் சரியில்லை. ரெண்டு மருமகளை விரட்டிட்டாளாம்."

செல்வி என்னையே பார்த்தாள். "அவன் ஒரே பையன்ணே. இன்னும் கல்யாணம் ஆகலை. ரெண்டு மருமக எங்கேருந்து வந்தாளுக?"

நியாயமான கேள்வி. கூரையைப் பார்த்தேன். அங்கே தேங்காய்தான் நின்றது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உள்ளேயிருந்து கவிதா கேட்டாள்: "மாமா, கடைசியில தண்ணி வந்துச்சா?"

"வரலைம்மா. அறநூறு அடி," என்றேன் உடனே.

"எங்கிட்ட அவர் நம்பர் இருக்கு. நானே கேக்குறேன்."

"நேரா மாப்பிள்ளைகிட்டயாடி?" என்று பதறினாள் செல்வி.

"மாமாகிட்ட கேக்குறதுக்கு இது தேவலாம்மா."

போனை ஸ்பீக்கரில் போட்டாள். குடிப்பதில்லை. மில்லில் சூப்பர்வைசர், ஆறு வருடமாக ஒரே இடம்.

"உங்கம்மா எப்படி?"

"பக்கத்துலதாங்க நிக்கிறாங்க. ரொம்ப நல்லவங்க."

கவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"நானும் ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றான் பையன். "உங்க வீட்டுல மூணு கறவை மாடாமே?"

"மாடா? நாங்க ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கோம்."

"எங்க பெரியப்பா போன வாரம் உங்க தெருவுல விசாரிச்சுட்டு வந்தாருங்க. மூணு மாடு, அதுல ஒண்ணு சினைன்னாரு. உங்களைப் பத்தி மட்டும் ஒண்ணும் ஞாபகம் இல்லையாம்."

"தம்பி, பெரியப்பாவுக்கு என்ன வயசு?" என்று குறுக்கே புகுந்தேன்.

"அறுபத்தஞ்சுங்க."

அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். பெரியப்பாவையும் என்னையும் அருகருகே உட்கார வைக்கக்கூடாது என்பதே இரு வீட்டாரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு.