மாட்டுச் சாபமும் ஆறு தோல் வாரும்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாதனூர் கோட்டுச்சாமியின் கொட்டகையில் கால் வைக்க இடம் கிடைக்காது. வாசலில் ஒரு போர்டு: ‘தோல் பொருள் உள்ளே வரக் கூடாது.’ ஆம்பூர்ப் பக்கம் இப்படி எழுதி வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். ஊரே தோலில்தான் சோறு தின்கிறது. ஆனாலும் பக்தர்கள் செருப்பு, பெல்ட், பர்ஸ் எல்லாவற்றையும் வெளியே வைத்தார்கள். பர்ஸுக்குள் இருந்த பணத்தை மட்டும் உள்ளே எடுத்துப் போகலாம். அதற்குத் தீட்டில்லை.

சாமி கண்டுபிடித்த வியாதி மாட்டுச் சாபம். இடுப்பு வலியா? மாட்டுச் சாபம். கல்யாணம் தள்ளிப்போகிறதா? அதுவும் மாடுதான். பரிகாரம், கறவை மாடு ஒன்றைச் சாமிக்குத் தானம் கொடுப்பது. சாபம் விடுவதெல்லாம் செத்த மாடு, தானமாக வருவதெல்லாம் பால் கறக்கிற மாடு. ஒருத்தருக்காவது சந்தேகம் வந்ததா? ஊஹும்.

நந்தகோபால் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் தோல் வெட்டியவர். இப்போது பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், சில சமயம் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் மாத்திரை போட்டுக்கொண்டு டீக்கடை வரை போய்வந்த மனுஷன். குணமாகும் என்று நம்பிக் கொட்டகைக்குப் போன அவரிடம் சாமி சொன்னார்: “நீ வெட்டின மாடெல்லாம் உன் காலப் புடிச்சினு இருக்குது.”

அன்றோடு அவர் பேச்சு குறைந்தது. சாப்பாடும் தூக்கமும் போயின. அதே மாத்திரைதான், ஆனால் நடை பாதியாகச் சுருங்கியது. “பாவம் பண்ணவன் நடந்து இன்னா ஆவப்போவுது?” என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மகள் தீபலட்சுமிக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது.

டாக்டரம்மாவிடம் ஓடினாள். “இந்த நோயோட மனச்சோர்வும் வரும்மா. அது வந்தா நடை இன்னும் மோசமாகும். அதுக்கும் வைத்தியம் இருக்கு, கூட்டிட்டு வா” என்றார் அவர். தரையில் கோடு போட்டால் ஒட்டின கால் பலருக்கு எழும்பும் என்பதையும் சொன்னார். தீபலட்சுமிக்குப் பொறி தட்டியது: கோட்டுச்சாமியும் கோடுதானே போடுகிறார்!

அடுத்த ஞாயிறு அம்மா கங்கம்மாளோ அப்பாவைக் கூட்டிக்கொண்டு, பரிகாரத்துக்குக் கறவை மாட்டையே கொட்டகைக்கு ஓட்டி வந்துவிட்டாள். சாமி விபூதியால் ஆறு கோடு போட்டு, உடுக்கை அடித்து மந்திரம் சொன்னார். நந்தகோபால் ஒவ்வொரு கோடாகத் தாண்டினார். “அரோகரா!” கூட்டம் அதிர்ந்தது.

“சாமி, கோட்ட அழிச்சிட்டு மந்திரம் மட்டும் சொல்லுங்க” என்றாள் தீபலட்சுமி.

“அதுக்கின்னா!” சாமி மறுபடி உடுக்கையை எடுத்தார்.

“அத கீழ வைங்க. அதுல கட்டியிருக்கறது இன்னா, பிளாஸ்டிக்கா?”

கூட்டம் முதல் தடவையாக உடுக்கையை உற்றுப் பார்த்தது. சாமி அதைக் கீழே வைத்தார். கோடு அழிந்தது. மந்திரம் மூன்று சுற்று ஓடியது. நந்தகோபாலின் கால் அசையவே இல்லை.

தீபலட்சுமி சாப்பாட்டுப் பையிலிருந்து ஆறு தோல் வார்களை எடுத்து, அடிக்கு ஒன்றாகத் தரையில் போட்டாள்.

“ஐயோ, தீட்டு!” என்று சாமி அலறினார்.

“நைனா, தாண்டு.” இன்னொரு தோல் துண்டை அப்பா கையிலும் கொடுத்தாள்.

முப்பது வருஷப் பழக்கம். அவர் விரல்கள் தாமாகவே தோலைத் தேய்த்துப் பார்த்தன.

“இது ஆட்டுத் தோலும்மா” என்றார். கொஞ்சம் யோசித்தார். “நம்ம கம்பெனில எல்லாமே ஆட்டுத் தோலுதான். நான் மாட்டுத் தோல தொட்டதே இல்லியே!”

சொல்லிக்கொண்டே ஆறு வாரையும் தாண்டி வந்தார்.

“அப்போ ஆட்டுச் சாபம்!” சாமி சட்டென்று மாற்றினார்.

“ஆட்டுச் சாபத்துக்கு எதுக்கு சாமி கறவை மாடு?” என்றாள் கங்கம்மாள், கயிற்றை இழுத்துப் பிடித்தபடி. கொட்டகை குலுங்கிச் சிரித்தது. சிரித்து முடித்தவர்கள் அவரவர் மாட்டை அவிழ்க்கப் போனார்கள்.

நந்தகோபாலுக்கு நோய் போய்விடவில்லை. நடுக்கத்துக்கு ஒரு மருந்து, மனசுக்கு ஒரு மருந்து, வீட்டுத் தரையில் ஒட்டிய கோடுகள். டீக்கடை வரை மறுபடி போகிறார். வாசற்படியில் கால் ஒட்டினால் தன்னைத்தானே திட்டிக்கொண்டு சிரிக்கிறார்.

சாமி ஓடிவிட்டார், போர்டு மட்டும் நிற்கிறது. செருப்பு, பெல்ட், பர்ஸ் எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொன்ன போர்டு. மூளையையும் கழற்றி வைக்கச் சொல்லி அதில் எழுதவே இல்லை ஐயா, அதை நாமாகத்தான் செய்தோம்!